ஒரே ஊசியில் ஐந்து பேர்

மாசிப் பௌர்ணமி முடிந்து எட்டாம் நாள், பெருநகர் என்ற ஊருக்குப் பக்கத்து இருளர் குடியிருப்பில் வகுப்பு எடுத்தேன். அப்போது நான் அரசு மருத்துவமனையின் எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தில் கவுன்சிலர். கையிலிருந்த படத்தாள்கள் நகரத்துக் கல்லூரிப் பெண்களுக்காக அச்சிட்டவை. எதிரே பதினைந்து பிள்ளைகள் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசியில் கலா வாயைத் திறந்தாள். (பெயர்களை மாற்றியிருக்கிறேன்.) பதினேழு வயது. அந்தக் குடியிருப்பிலிருந்து பிளஸ் டூ தேர்வு எழுதப்போகும் முதல் பெண்.

“மேடம், பச்ச குத்துற ஊசியில வருமா?”

“ஒரே ஊசியைப் பல பேருக்குப் போட்டா வரலாம். ஏம்மா?”

அவள் முன்கையைத் தாவணியால் மூடிக்கொண்டாள்.

மாசிப் பௌர்ணமிக்கு இருளர்கள் குடும்பத்தோடு மாமல்லபுரம் கடற்கரையில் கூடிக் கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். அங்கே மிஷின் வைத்துப் பச்சை குத்துபவரிடம் கலாவோடு சேர்த்து ஐந்து தோழிகள் வரிசையாகக் கை நீட்டியிருக்கிறார்கள். ஊசி ஒன்று. மை ஊற்றிய மூடியும் ஒன்று.

நான் தவறியது இந்த இடத்தில்தான். “அந்த அஞ்சு பேரும் நாளைக்கே டெஸ்ட்டுக்கு வாங்க” என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

யாரும் வரவில்லை. மூன்றாம் நாள் நானே போனேன். குழாயடியில் ஐந்து வீட்டுக் குடங்கள் ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தன. மற்றவர்கள் பிடித்து முடித்த பிறகுதான் அவர்களுக்குத் தண்ணீர். கலா பள்ளிக்கூடம் போகவில்லை. தேர்வுக்கு ஆறு நாள் இருந்தது.

அவள் அம்மா முனியம்மா என்னை வெளியிலேயே நிறுத்தினார்.

“இன்னாமா, எம் பொண்ணு நல்லாத்தான இருந்திச்சி? நீ வந்து பேசிட்டுப் போன, ஊரே நோவுக்காரின்னு சொல்லிக்கினு கீது.”

பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். படிவத்தை நீட்டினேன்.

“கைநாட்டு வெச்சா நோவு கீதுன்னு நானே ஒத்துக்கினா மாரி ஆவாதா?”

தொற்றுக்கு வாய்ப்பு மிகக் குறைவு என்று சொல்லலாம். இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. அப்போதுதான் அவர் கைகளைக் கவனித்தேன். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை பச்சை.

“இது எங்க குத்தினது?”

“அதே கடக்கரையிலதான். கண்ணாலத்துக்கு மின்னாடி.”

“ஊசி?”

“எல்லாருக்கும் ஒண்ணுதான்...” தன் கையைப் பார்த்தார். பிறகு குழாயடிப் பக்கம் திரும்பிக் கத்தினார். “ஏய் ராணி! எங்கூட்டுக் கொடத்த ஒதுக்கினியே, உங் கையில கீறது இன்னாடி, சுண்ணாம்பா? வா, ரெண்டு பேரும் ரத்தம் குடுப்போம்.”

“எனக்கு ஊசின்னா பயம்க்கா.”

“பச்ச குத்தசொல்லோ பயம் எங்கடி போச்சி?”

யாரோ சிரித்தார்கள். முனியம்மா படிவத்தை வாங்கிக் கைநாட்டு வைத்தார்.

மறுநாள் இரண்டு ஷேர் ஆட்டோவில், பச்சை குத்திய பதினான்கு பேர் வந்து இறங்கினார்கள். ஐந்து பிள்ளைகளும் கூட்டத்தின் நடுவில். ஒவ்வொருவராக உள்ளே அழைத்து, கதவைச் சாத்திவிட்டு முடிவைச் சொன்னேன்.

கலாவுக்கு நெகட்டிவ். “ஆனா தொற்று இருந்தாலும் டெஸ்ட்ல தெரிய மூணு மாசம் ஆகலாம். மறுபடி வரணும்” என்றேன்.

“அப்ப இன்னும் தெரியாதா மேடம்?”

“முழுசாத் தெரியாது.”

அந்தப் பதிலோடு போய்த்தான் அவள் தேர்வு எழுதினாள். மே மாதம் பாஸ் என்று செய்தி வந்தது. என்னால் சந்தோஷப்பட முடியவில்லை; இரண்டாவது பரிசோதனை பாக்கி இருந்தது. ஜூனில் வந்தாள். ஸ்ட்ரிப்பில் தொற்றைக் காட்டும் இரண்டாவது கோடு வரவில்லை என்று மூன்று முறை பார்த்த பிறகுதான் அவளை உள்ளே கூப்பிட்டேன்.

அதன் பிறகு அங்கே வகுப்பை மாசிக்கு முன்னாலேயே வைத்தேன். படத்தாள் கொண்டுபோகவில்லை. “கடற்கரைக்குப் போனா என்னென்ன செய்வீங்க?” என்று கேட்டேன். பிள்ளைகள் பேசினார்கள். டெஸ்ட்டுக்குச் சிலரை மட்டும் அழைக்கும் வழக்கத்தையும் விட்டேன். பச்சை குத்திய எல்லோரையும் அழைத்தேன்.

அடுத்த ஆண்டு கடற்கரையில் கலா, தங்கைக்காக வரிசையில் நின்றிருக்கிறாள். “எங் கண்ணு மின்னாடி புது ஊசி பிரி. மூடியையும் மாத்து” என்றாளாம்.

“பெரிய டாக்டரு” என்றிருக்கிறார் பச்சை குத்துபவர்.

“அப்பறம் மூணு மாசம் நீயா தூங்காம கெடப்ப?”