பின்லயத்தில் வளர்ந்த சபை

பீடோங்கை ஒட்டிய எங்கள் ரப்பர் தோட்டத்தில், ஜப்பான்காரன் சண்டைக் காலத்தில் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடிக்கிற பட்டியலை எழுதியவர் எங்கள் சபை மூப்பர்தான். அவர்தான் தோட்டத்துக் கணக்கெழுதுகிற பெரிய கிராணியும். வெள்ளைக்காரத் துரையும் பாதிரியாரும் ஓடிப்போன பிறகு ஞாயிறு ஆராதனையையும் அவரே நடத்தினார். ஜப்பான்காரன் இத்தனை ஆள் வேண்டும் என்றுதான் கேட்டான். எந்த ஆள் என்பதைக் கிராணி முடிவு செய்தார்.

எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். என் புருஷன் பேர் பட்டியலில் இருந்தது. கிராணியின் தம்பிக்கும் அதே வயசு. அவன் பேர் இல்லை. கோயிலில் கிராணிமார் குடும்பங்களுக்குப் பெஞ்சு, பால்மரம் வெட்டுகிற எங்களுக்குத் தரையில் பாய். எங்கள் சபையிலிருந்து போன பதினொரு ஆம்பிளைகளில் ஒருவன்கூடப் பெஞ்சில் உட்கார்ந்தவன் இல்லை.

ஆட்களை ஏற்றிக்கொண்டு லாரி போன மூன்றாம் நாள் ஞாயிறு. ஆடுகளுக்காக உயிரைக் கொடுக்கிற நல்ல மேய்ப்பனைப் பற்றி அவர் வாசித்தார். கொஞ்சமும் குரல் தடுமாறாமல் வாசித்தார். நான் எழுந்துவிட்டேன். கோயிலில் பொம்பளை வாய் திறக்காத காலம் அது.

"ஐயா, உங்க தம்பி பேரு ஏன் அந்த லிஸ்டுல இல்ல?"

"இது தேவனுடைய வீடு. தோட்டத்து விஷயத்தைத் தோட்டத்துல பேசு. உக்காரு."

"என் புருஷனும் இந்த வீட்டுப் பிள்ளைதானே ஐயா?"

கிராணி மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அவர் அடுத்த வசனத்துக்குப் போனார். நான் வெளியே நடந்தேன். திரும்பிப் பார்த்தால், பின்னால் நாலு பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு, தொழிலாளர் வீட்டு வரிசைகளில் கடைசியான பின்லயத்தில் காலியாகிவிட்ட ஒரு வீட்டில் கூடினோம். பாட்டுப் புத்தகம் இல்லை, இருந்தாலும் வாசிக்க ஆளில்லை. "போனவங்க பேரைச் சொல்லி ஜெபிப்போம்" என்றாள் ஒருத்தி. ஒவ்வொரு பேராகச் சொன்னோம். அதற்குள்ளேயே அழுது தீர்த்துவிட்டோம்.

பக்கத்து வீட்டுக்காரி, மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறவள், வாசலில் நின்றாள்.

"அக்கா, எங்க வீட்டுக்காரரு பேரையும் சொல்வீங்களா? நான் சாமி மாறல. பேரு மட்டும்."

எங்களில் ஒருத்தி தயங்கினாள். எனக்கு ஆத்திரம் வந்தது. "அவரு என்ன, வேற லாரியிலயா போனாரு? உள்ள வாம்மா."

அப்படித்தான் ஆள் சேர்ந்தது. அவரவர் வீட்டு மரவள்ளிக் கிழங்கு ஒரே சட்டியில் வெந்தது. காய்ச்சலில் கிடந்தவளின் பிள்ளைகளை முறைபோட்டுப் பார்த்தோம். சீழ் பிடித்த கால்களை வெந்நீரில் கழுவினோம். ஒரு வருஷத்தில் அந்த வீடு கொள்ளவில்லை. சிலர் பிற்பாடு ஞானஸ்நானம் எடுத்தார்கள், சிலர் கடைசிவரை எடுக்கவில்லை. எனக்கு எல்லோரும் சபைதான்.

ஒரு ஞாயிறு கிராணி மனைவி வந்து கதவோரம் உட்கார்ந்தாள். "அவரு எழுதினப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். ஒண்ணும் சொல்லல" என்றாள். யாரோ தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். கிழங்குத் தட்டை அவளிடம் நீட்டினேன். முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

சண்டை முடிந்தது. பதினொருவரில் மூன்று பேர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். என் புருஷன் வரவில்லை. புதிதாக வந்த பாதிரியார் எங்கள் பின்லயக் கூட்டத்தைப் பார்த்துப் பூரித்துப்போனார். ஸ்தோத்திர ஆராதனையில், கஷ்ட காலத்திலும் சபையை வளர்த்தவர் என்று சொல்லிக் கிராணிக்கு மாலை போட்டார். கிராணி கழுத்தை நீட்டி வாங்கிக்கொண்டார்!

ஆராதனை முடிந்ததும் பாதிரியாரிடம் போய் நடந்ததெல்லாம் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"மன்னிக்கிறதுதானேம்மா நல்ல சபைக்கு அடையாளம்?"

"அவரு இன்னும் மன்னிப்புக் கேக்கவே இல்லையே ஐயா. செத்தவங்க பேருல நான் எப்படிக் குடுக்கிறது?"

கிராணி கடைசிவரை கேட்கவே இல்லை. சில வருஷம் கழித்து அவர் இறந்தபோது ஊரே திரண்டு போனது, நான் போகவில்லை. சபையில் பலருக்கு அது இன்னும் வருத்தம். இருக்கட்டும்.