காப்பிக் களத்துக் குளவிக்கு மாப்பிள்ளை

புதுப் பூச்சிக்குப் பெயர் வைக்கும் தொழிலில் முதல் சங்கடம், தான் புதுசு என்பது அந்தப் பூச்சிக்குத் தெரியாது. இரண்டாவது சங்கடம், ஊரில் வேறு யாருக்கும் அதைப் பற்றிக் கவலை கிடையாது. வேட்டி மடிப்பில் குப்பியைச் செருகிக்கொண்டு பஸ் ஏறியவர்கள், விருந்துக்குப் போன வீட்டில் விளக்கைச் சுற்றும் அந்துப்பூச்சியைப் பார்த்தபடி இலையை மறந்து பேச்சு வாங்கியவர்கள் உங்களில் சிலராவது இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

நான் பூச்சியியல் படித்தவனில்லை. நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தேன். காப்பித் தண்டைத் துளைக்கும் வண்டைப் பற்றித் தெரிந்துகொள்ளப் போய், அந்த வண்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றித் தெரிந்துகொண்டேன். சேலத்தில் வாங்கிய ஒரு கடிகார ரிப்பேர் லென்ஸும், பழைய புத்தகக் கடையில் கிடைத்த நாலைந்து தடிப் புத்தகங்களும்தான் என் கல்லூரி.

நாலு காலில் ரைட்டர்

காப்பிக் கொட்டை காயப்போடும் களம் அப்போது வெறும் செம்மண் தரை. எண்பதுகளின் ஆரம்பத்தில் ஒரு கோடை மத்தியானம் அதில் ஒரு சிவப்பு எறும்பு தன்னந்தனியாக ஓடிக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் வெல்வெட் துணி போர்த்தியது போல ரோமம். வயிற்றின் மேல் இரண்டு வெள்ளைப் பொட்டு. குனிந்து பார்த்தேன், மண்டியிட்டேன், பிறகு நாலு காலில் அதன் பின்னாலேயே களத்தைச் சுற்றினேன். அது எறும்பே அல்ல, ஒரு வகைக் குளவியின் பெண். அந்தக் குடும்பத்தில் பெண்ணுக்கு இறக்கை கிடையாது, கொடுக்கு உண்டு. இந்த இரண்டாவது விஷயத்தைப் புத்தகம் பார்க்காமலேயே தெரிந்துகொண்டேன்.

விரலை உதறிக்கொண்டு நான் ஆடிய ஆட்டத்தை மேஸ்திரி அந்தோணி கடைசிவரை நின்று பார்த்தார். விவரம் சொன்னேன். அவர் தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டு சொன்னார்: "இறக்கை இல்லாத குளவி, அதைத் துரத்தறதுக்குக் கூலி இல்லாத ரைட்டரு. ஆண்டவரு நல்லாத்தானுங்க சேர்த்து வெச்சிருக்காரு."

பெண் பார்த்த படலம்

என்னிடம் இருந்த எந்தப் புத்தகத்திலும் அந்தக் குளவி எந்தப் பேரினத்திலும் அடங்கவில்லை. அப்படியானால் புதுப் பேரினமே அமைக்க வேண்டும். என் வாழ்நாளில் அப்படி ஒன்று வாய்க்கும் என்று நான் நினைத்ததில்லை. லென்ஸை மாட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதன் உருவத்தை எழுதினேன். எழுதியதை வழக்கம்போல என் மனைவி சரோஜாவுக்குப் படித்துக் காட்டினேன். தலை மார்பைவிடச் சற்றே அகலம். கன்னத்தில் நெருக்கமான சிறு குழிகள். நெற்றி ரோமம் பொன்னிறம், பக்கவாட்டில் சாய்ந்தது.

சரோஜா அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தினாள். "பொண்ணு பார்க்க வந்தன்னிக்கு என் மூஞ்சிய இதுல கால்வாசி நேரம் பார்த்திருப்பீங்களா நீங்க?"

தபால் ஆபீஸில்

அதை மதராஸில் இருந்த ஒரு பேராசிரியருக்கு அனுப்ப வேண்டும். இந்தக் குளவிகள் விஷயத்தில் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. பஞ்சு, தீப்பெட்டி, அதற்கு மேல் பிஸ்கட் டப்பா என்று பொதிந்து எடுத்துக்கொண்டு ஏற்காடு தபால் ஆபீஸுக்குப் போனேன். ரிஜிஸ்தர் பண்ணச் சொன்னதும், உள்ளே என்ன, என்ன விலை பெறும் என்று குமாஸ்தா கேட்டார். செத்த பூச்சி, விலை சொல்ல முடியாது, உலகத்திலேயே இது ஒன்றுதான் இருக்கிறது என்றேன். அவர் பார்சலை மெதுவாக என் பக்கம் திருப்பித் தள்ளினார்.

"ஒண்ணே ஒண்ணுதான்னா பத்திரமா ஊட்டுல வெச்சுக்குவீங்களா, தபால்ல போடறேங்கறீங்களே!"

மதராஸ் தீர்ப்பு

எப்படியோ பார்சல் போய்ச் சேர்ந்து, பதிலும் வந்தது. பேராசிரியர் நல்ல மனிதர். ஆனால் அவர் எழுப்பிய சந்தேகம் என் தூக்கத்தைக் கெடுத்தது. இந்தக் குடும்பத்தில் ஆணுக்கு இறக்கை உண்டு. நிறம், அளவு, உருவம் எல்லாமே வேறு. பெண்ணோடு எந்த ஒற்றுமையும் இராது. அதனால் முன்னோர்கள் பல இடங்களில் புருஷனுக்கு ஒரு பெயர், பெண்டாட்டிக்கு ஒரு பெயர் வைத்து, இரண்டும் வெவ்வேறு சாதி என்று அச்சடித்துவிட்டார்கள். என்னுடைய பெண்ணும் ஏற்கனவே பெயர் வாங்கிய எவனோ ஒருவனின் மனைவியாக இருக்கலாம். ஆணும் பெண்ணும் சேர்ந்திருக்கையில் பிடித்து அனுப்பினால்தான் முடிவு சொல்ல முடியும். கடிதத்தின் கடைசி வரி இது: "பெண் லட்சணமாக இருக்கிறாள், மாப்பிள்ளை யாரென்று தெரியாமல் நான் பத்திரிகை அடிக்க முடியாது."

சிமெண்டு

அதே மாதம் முதலாளி களத்துக்கு சிமெண்டு போடத் தீர்மானித்தார். மண்தரையில் காயும் கொட்டைக்கு மண்வாசம் ஏறுகிறது என்று வியாபாரிகள் குறை சொன்னார்களாம். நியாயம்தான். ஆனால் அந்தக் குளவியை நான் வேறெங்கும் கண்டதில்லை. களத்திலேயே பிறகு நாலைந்து பெண்கள் அகப்பட்டன. கொட்டச்சேடு வரை தேடியும் வெளியே ஒன்றும் இல்லை. சிமெண்டுக்கு ஆர்டர் எழுத வேண்டியவனும் நான்தான்.

கொஞ்ச நாள் தள்ளிப்போட முடியுமா என்று கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன். காரணத்தையும் சொன்னேன். மழைக்கு முன்னால் லாரி வந்துவிடும், அதுவரை உன் பாடு என்றார் முதலாளி. நான் கதவைத் தாண்டியபோது உள்ளே அவர் வீட்டம்மாவிடம் சொல்வது கேட்டது: "நம்ம ரைட்டரு குளவிக்குக் கல்யாணம் பண்ணி வெச்சப்புறந்தான் நமக்குக் காப்பி காயுமாம்."

தரகர் சொன்ன முறை

அன்று முதல் ஒரு பெண்ணை வலைக்கூண்டில் அடைத்துத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். பெண்ணின் வாசனைக்கு ஆண் தேடி வரும் என்று புத்தகத்தில் இருந்தது. ஆண் எங்கே திரிகிறதோ அங்கே போனால் சுலபம் என்பது என் கணக்கு. ஓடைக்கரை, மிளகுக்கொடி, பலா மரத்தடி என்று கொண்டுபோய் வைத்தேன். மலை முழுக்கச் செய்தி பரவிவிட்டது.

ஒருநாள் நாகலூர் பஸ்ஸில் கல்யாணத் தரகர் பழனியப்பன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கூண்டுக்குள் இருப்பது குளவி என்று தெரிந்தும், தொழில்காரருக்குத் தொழில் விஷயத்தில் சும்மா இருக்க முடியவில்லை. பெண்ணை எங்கெங்கே கொண்டுபோனேன் என்று அக்கறையாக விசாரித்தார். சொல்லச் சொல்ல அவர் முகம் கோணிக்கொண்டே போனது. "ஏனுங்க, பொண்ண நாமளே தூக்கிட்டுத் தெருத்தெருவாப் போனா எவனுங்க வருவான்? பொண்ணு அவ ஊட்டுல இருக்கோணும். மாப்பிள்ளை ஊட்டுக்காரங்கதான் விசாரிச்சு வரோணும்."

ஒருத்தரும் வரவில்லை

தரகர் பேச்சைக் கேட்டுக் கூண்டைக் களத்து ஓரத்திலேயே வைத்தேன். ஒரு வாரம் ஈ எறும்புகூட எட்டிப் பார்க்கவில்லை. பிறகுதான் உறைத்தது: களத்தில் ஓடித் திரிந்த பெண் ஏற்கனவே கல்யாணம் ஆனவளாக இருக்கும். ஆணைச் சேர்ந்துவிட்ட பெண்ணுக்கு அந்த வாசனை நின்றுவிடும். புதிதாகக் கூட்டைவிட்டு வந்தவள்தான் வேண்டும். களத்தை ஒட்டிய காப்பிக் குடோன் சுவரில் வேட்டுவக் குளவி கட்டியிருந்த மண்கூடுகளைப் பெயர்த்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, கதகதப்பாக இருக்கட்டும் என்று அடுப்படி அலமாரியில் வைத்தேன். நம் குளவியின் குஞ்சுகள் இப்படிப் பிறர் கூட்டில் புகுந்து, அங்கிருக்கும் குஞ்சையே தின்று வளர்பவை.

லாரி சிமெண்டை இறக்கிய அன்று காலை, அடுப்படியிலிருந்து சரோஜாவின் குரல் வந்தது: "ஏனுங்க, உங்க பொண்ணு பொறந்துட்டா. நொம்பக் கோவக்காரியா இருக்கா, வந்து எடுத்துட்டுப் போங்க, நான் பருப்புப் போடோணும்."

கலவை இறுகிய மத்தியானம்

களத்தின் மறுகோடியில் கொத்தனார் ஆறுமுகம் கலவையைக் கொட்ட ஆரம்பித்துவிட்டார். இந்தக் கோடியில் கூண்டோடு நான். உச்சி வெயில் ஏறியதும் வந்தார்கள். கறுப்பு உடம்பு, நீலம் மின்னும் இறக்கை, பெண்ணைவிடப் பெரிய உருவம். ஒன்று, இரண்டு, பிறகு ஐந்தாறு பேர் கூண்டைச் சுற்றிச் சண்டையே போட்டார்கள். சேர்ந்திருக்கும்போது பிடிக்க வேண்டுமே என்று கூண்டின் கதவைத் திறந்தேன். ஒருவன் உள்ளே புகுந்தான், பெண்ணைக் கழுத்தோடு கவ்வினான், அப்படியே தூக்கிக்கொண்டு பறந்துவிட்டான்.

இறக்கையில்லாதவள் வானத்தில் போகிறாள். நான் வாயைத் திறந்தபடி நின்றேன். சாப்பாட்டுத் தூக்கோடு வந்த சரோஜா தூக்கைக் கீழே வைத்துவிட்டு, என் கையிலிருந்த வலையைப் பிடுங்கி, களத்தின் குறுக்கே ஓடி, ஒரே வீச்சில் பிடித்துவிட்டாள். வலையை முறுக்கி எடுத்து வந்தாள். உள்ளே இருவரும் இன்னும் சேர்ந்தேதான் இருந்தார்கள். நான் விஷக்குப்பியின் மூடியைத் திருகினேன். அவள் வலையைக் கொடுக்கவில்லை.

"சித்த நேரம் இருக்கட்டும்ங்க" என்றாள். "இப்பத்தான் கல்யாணம் ஆயிருக்குது."

கூட நின்றிருந்த மேஸ்திரி அந்தோணி எதிர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் மூடியைத் திரும்ப மூடினேன். அவர்களாகப் பிரியும்வரை, நடுவெயிலில், முதலாளி வந்துவிடுவாரோ என்ற பயத்தோடு எல்லோரும் காத்திருந்தோம். மறுகோடியிலிருந்து ஆறுமுகம் கத்தினார்: "ஐயா, கல்யாணம் முடிஞ்சுதுங்களா? கலவை இறுகுது!"

பெயர் சூட்டல்

மாப்பிள்ளை இதுவரை எந்தப் புத்தகத்திலும் பெயர் வாங்காதவன் என்று மதராஸ் தீர்ப்புச் சொன்னது. பேரினம் புதுசு, சிற்றினம் புதுசு. பேரினத்துக்கு எங்கள் மலையின் பெயரையே லத்தீன் வால் ஒட்டி வைத்தேன். சிற்றினத்துக்குச் சரோஜாவின் பெயரை வைக்க ஆசை. கேட்டேன். கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "என் பேர வெச்சுப்போட்டு, நடு முதுகுல ஊசியக் குத்தி நிறுத்தவா? வேண்டாம் சாமி!"

கடைசியில் அந்த வெள்ளைப் பொட்டுகளின் பெயரே அமைந்தது.

துண்டுச் சீட்டு

ஊசியில் குத்திய ஒவ்வொரு பூச்சிக்கும் கீழே கடுகளவு எழுத்தில் ஒரு சீட்டு இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் சட்டம். இடம், தேதி, பிடித்தவர் பெயர். பிடித்தவர் என்றால் வலையை வீசியவர்தான். பெயர் வைத்தவருக்கும் வாய் பிளந்து நின்றவருக்கும் அதில் இடமில்லை. அதன்படியே எழுதினேன். சரோஜா லென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு, முந்தானையால் அதைத் துடைத்து, இன்னொரு தரம் பார்த்தாள். அன்று குழம்பு நன்றாக இருந்தது.

அவள் போய்ச் சில வருஷங்கள் கழித்து, தொண்ணூறுகளின் கடைசியில், ஆராய்ச்சி மாணவர் ஒருவர் விலாசம் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அருங்காட்சியகத்தில் அந்த ஜோடியையும் கீழே இருந்த சீட்டையும் பார்த்திருக்கிறார். மாலை போட்ட படத்துக்குக் கீழே உட்கார வைத்துக் காப்பி கொடுத்தேன். பறக்கும் ஜோடியை வலையில் பிடிப்பது லேசான காரியமில்லை, சரோஜா மேடம் எங்கே பயிற்சி பெற்றார்கள் என்று கேட்டார். அடுப்படியைக் காட்டினேன். அவருக்குப் புரியவில்லை. மரியாதையாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டார்: "நீங்க மேடத்துக்கு அசிஸ்டெண்டா இருந்தீங்களா சார்?"

பூச்சிகளுக்கெல்லாம் குடும்பம், பேரினம், சிற்றினம் என்று இடம் தேடிக் கொடுத்தே காலத்தைக் கழித்த எனக்கு, கடைசியில் ஓர் இளைஞர் சரியான இடத்தைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். அதை இன்றுவரை யாரும் திருத்தவில்லை.