மச்சான் வண்டியின் துரு

பட்டறையில் அவனுக்குப் பெயர் பாலிஷ். இருபது வருஷமாக ஊரார் கார்களில் துருவைச் சுரண்டி, பட்டி பூசி, பெயின்ட் அடித்துப் பளபளக்க வைப்பதுதான் பிழைப்பு. அப்பேர்ப்பட்டவன் சாயங்காலமானால் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, கையளவு பொம்மை பிக்கப் வண்டிக்குத் துரு ஏற்றிக்கொண்டிருந்தான்.

எல்லாம் மச்சான் செய்த வேலை. மனைவியின் தம்பி, மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவன். ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று கேட்கிற ரகம். அவன் ஒட்டிய பொம்மைக் காருக்குப் போன வருஷப் போட்டியில் முதல் பரிசு. போட்டி நடத்தும் பொம்மைக் கார் கடைக்காரர் அதைக் கடையின் கண்ணாடி அலமாரியின் நடுத்தட்டில் வைத்துவிட்டார். அன்றிலிருந்து பாலிஷ் அந்தக் கடைப்பக்கம் போவதில்லை. எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று முறைப்பதோடு சரி.

இந்த வருஷப் போட்டிக்குத் தலைப்பு, ஓடி ஓய்ந்த கோலத்தில் ஒரு பழைய பிக்கப் வண்டி. நடுத்தட்டு இனி நமக்குத்தான் என்று பாலிஷ் முடிவே கட்டிவிட்டான்.

போட்டிக்கு முந்தின நாள் மச்சான் தன் வண்டியை அக்காவிடம் காட்டக் கொண்டுவந்தான்.

"எப்படி இருக்கு மாமா?"

"இருக்கு. சக்கரம் நாலும் இருக்கு."

"வயிறு எரியுதா மாமா?"

"உன்னைப் பார்த்தா? போடா, போய் அக்காவுக்கு டீ போட ஒத்தாசை பண்ணு."

அவன் உள்ளே போனதும் பாலிஷ் வண்டியைத் தூக்கிப் பார்த்தான். வெயிலில் வெளுத்த பச்சை, அச்சு அசல். நிஜமாகவே எரிந்தது. முன்கண்ணாடியில் ஒரு கீறல் போதும் என்று நகத்தைக் கொண்டுபோனான். அப்போதுதான் கண்ணில் பட்டது: கூரையெல்லாம் துரு, கதவுக்கடியில் சுத்தம்! தண்ணீர் எங்கே தேங்கும், தகரம் எங்கே அரிக்கும் என்றுகூடத் தெரியாத கழுதை. தப்பான இடத்தில் துருவைப் பார்த்தால் பட்டறைக்காரன் கை சும்மா இருக்குமா? பஞ்சுத் துண்டைப் பழுப்பு பெயின்டில் தோய்த்துக் கதவின் அடி ஓரமெல்லாம் ஒற்றினான். மட்கார்டு வளைவிலும் ஒற்றி, ஊதி ஊதிக் காயவைத்தான். டீ வந்தபோது குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் கடைக்காரர் மச்சான் வண்டியைத் தூக்கிப் பிடித்தார். "கதவடித் துருவைப் பாருங்க! இதுக்கே முதல் பரிசு."

"அதெல்லாம் தானா வர்றதுங்க," என்றான் மச்சான், கூசாமல்.

பாலிஷின் வண்டி ஓரத்தில் நின்று மின்னியது. கைப்பழக்கத்தில் கடைசியாக மெழுகு போட்டுத் துடைத்துத் தொலைத்திருந்தான்.

"அந்தத் துரு உங்க கைதானே?" என்று மனைவி காதோடு கேட்டாள்.

"உன் தம்பி கை."

"அவனுக்குக் குடையில தண்ணி எங்க ஒழுகும்னே தெரியாது."

 மறுநாளிலிருந்து பாலிஷுக்கு எதிர்ப்பக்க நடைபாதை ஒழிந்தது. நேரே போய்க் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, அந்தக் கதவடியை மட்டும் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தான்.