சூட்டுக்கு நாள் குறித்த குழந்தை

அன்று வீட்டில் இருந்தவர்கள் நான், என் வீட்டுக்காரர், அவருடைய அக்கா, சந்தாபுரா பக்கமிருந்து வந்திருந்த சூடு போடுகிற பெரியவர், எங்கள் குழந்தை. வேறு யாரும் இல்லை. பக்கத்து வீட்டுக் கம்பவுண்டர் எட்டிப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அவர் வந்தால் தடுத்து ஒரு வார்த்தை சொல்லுவார் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

அப்போது நாங்கள் தொம்மலூரில் குடியிருந்தோம். உலகச் சண்டை நடந்த காலம். கூப்பனுக்குக் கிடைத்த அரிசியில் பாதி நொய். ஆனாலும் குழந்தைக்கென்று குழைய வடித்து, பருப்பை மசித்து, நெய் விட்டுப் பிசைவதில் நான் குறை வைத்ததில்லை. அவளுக்கு இரண்டு வயது முடிந்திருந்தது. தாய்ப்பால் மறந்து சோற்றுக்குப் பழகவேண்டியவள், கிண்ணத்தைக் கண்டதும் உதட்டை உள்ளே மடித்துக்கொள்வாள். பாலை மட்டும் கொஞ்சம் குடிப்பாள். தொடை சூம்பித் தோல் தொளதொளத்துவிட்டது. முகத்தில் கண்தான் மிச்சம்.

இவளுக்கு முன்னால் பிறந்தவனும் இந்த வயதில்தான் சோறு வேண்டாமென்றான். அவன் போய்ச் சேர்ந்தது எப்படி என்று எந்த டாக்டரும் எனக்குப் புரியும்படி சொல்லவில்லை. நான் நாலாம் வகுப்போடு நின்றவள், சொன்னாலும் எனக்கு எட்டியிருக்குமோ என்னவோ. அதனால் இவள் தூங்கும்போது மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். ஒரு மூச்சு வரும். அடுத்தது வருமா என்று விரலை எடுக்காமலே உட்கார்ந்திருப்பேன்.

எங்கள் வீட்டில் ஊட்டுகிற விதம் ஒன்றுதான். குழந்தையை மடியில் சாய்த்து, அவளுடைய இடது கையை என் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும். எதைக் கண்டாலும் அவளுக்கு அந்தக் கைதான் முதலில் நீளும், பொம்மையானாலும் துடைப்பக் குச்சியானாலும். சோற்றில் அந்தக் கை படலாமா? சோற்றுக் கை எது, கழுவுகிற கை எது என்பதைப் பல் முளைக்கும்போதே சொல்லிக்கொடுத்துவிட வேண்டும் என்பது என் நாத்தனாரின் கண்டிப்பு. இடது கை கிண்ணத்துக்குப் பக்கம் வந்தால் அவர் ஒன்று வைப்பார். நானும் வைப்பேன். அழுகிற குழந்தைக்கு எப்படி ஊட்டுவது? ஆகவே அடிப்பதை விட்டு இடுக்கத் தொடங்கினோம். காக்கா காட்டினேன், நாய் காட்டினேன், ராகிக் கஞ்சியில் வெல்லம் போட்டுப் பார்த்தேன். பாலாடைக் கிண்ணியால் கஞ்சியை ஊற்றியபோது புரையேறி முகம் நீலம் பாரித்தது. அன்றோடு பாலாடையைத் தூக்கிப் பரணில் போட்டேன்.

"உன் பொண்ணு வாய்க்குச் சாவி போட்டுத்தான் தொறக்கணும். அந்தச் சாவிய எங்கடி ஒளிச்சு வெச்சிருக்கே?" என்பார் நாத்தனார்.

"ரேஷன் அரிசியில கல்லு இருக்குன்னு அதுக்கே தெரிஞ்சுபோச்சு, அக்கா" என்பார் என் வீட்டுக்காரர். சிரிப்பார், ஆனால் குழந்தையின் பக்கம் திரும்பமாட்டார்.

பிறகு ஒருநாள் நாத்தனார் சிரிக்காமல் சொன்னார். "இது மாந்தம். உள்ளுக்குள்ள இறுகிப்போச்சு. வயித்துல ரெண்டு சூடு இழுத்தாதான் எளகும். மூத்தவனுக்கு நான் சொன்னப்போ யாரும் கேக்கல."

மூத்தவன் பேச்சை எடுத்த பிறகு நான் என்ன சொல்வது? வேண்டாமென்று சொல்லி இவளும் போய்விட்டால்? நாள் குறித்தார்கள்.

பெரியவர் காலையிலேயே வந்துவிட்டார். தன்மையாகப் பேசுகிறவர். அதுவே எனக்குப் பயமாக இருந்தது. குழந்தையைத் தொட்டுப் பார்த்து, "சின்ன ஒடம்பு. சின்ன ஊசியே போதும்மா" என்றார். சின்ன ஊசி என்று அவர் எடுத்தது கோணி தைக்கிற ஊசி. அதை அடுப்புக்குள் செருகிவிட்டு, பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்துகொண்டார்.

"அப்பா காலைப் புடிச்சுக்கட்டும். நீ தலைய. கண்ணு மேல கை வெச்சு மறைச்சிடு. ஊசி பழுக்கட்டும், கொழந்தைய அதுவரைக்கும் சும்மா விடு."

மடியிலிருந்து இறக்கிவிட்டேன். நாத்தனார் தேங்காயெண்ணெய் எடுக்க உள்ளே போனார். என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். எனக்கு அடுப்பைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. ஊசியின் நுனி முதலில் கறுத்தது, அப்புறம் மங்கலாகச் சிவந்தது.

அவரைக்காய் காலம் அது. வந்தவருக்குச் சாப்பாடு போட வேண்டுமே என்று நாத்தனார் அவரைக்கொட்டையைத் தோல் பிதுக்கி, வேகவைத்து, தாம்பாளத்தில் ஆறப்போட்டிருந்தார். குழந்தை அதனெதிரில் போய் உட்கார்ந்தாள். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டவள் மாதிரி இடது கையை மெல்ல நீட்டினாள். ஒரு பருப்பை எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். இன்னொன்று. அவசரமே இல்லை. விழுங்கிய பிறகுதான் கை மறுபடியும் போயிற்று.

தொண்டையில் அடைத்துக்கொள்ளுமோ என்று எழுந்தவள் அப்படியே நின்றேன். அடைக்கவில்லை. வெண்ணெய் போல வெந்திருந்தது. அந்தக் கையை நான் இடுக்கும்போதெல்லாம்தான் இந்த வாய் மூடியிருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்த நாத்தனாருக்குத் தாம்பாளத்தில் கிடந்த கைதான் தெரிந்தது. "சீ, கழுதை" என்று ஓங்கினார். அவர் மணிக்கட்டை நான் பிடித்துக்கொண்டேன். அதற்குமுன் அவரை நான் தொட்டதுகூடக் கிடையாது.

"சாப்புடுறா, அக்கா. விடுங்க."

"எந்தக் கையால சாப்புடுறா பாத்தியா? நாளைக்குப் பந்தியில எவன் இவளுக்கு எலை போடுவான்?"

"மொதல்ல நாளைக்கு இவ இருக்கட்டும்."

பெரியவர் திரும்பிப் பார்த்தார். கோபமே இல்லை. "வயித்துக்குச் சூடு வேணாம் போலிருக்கே. அப்ப அந்தக் கைக்கு ஒண்ணு வெச்சிடலாமா? சின்னதா. தன்னால மறந்துடும்."

நாத்தனார் தம்பியைப் பார்த்தார். நானும் அவரைத்தான் பார்த்தேன். அடுப்பில் ஊசி நன்றாகப் பழுத்திருந்தது. குழந்தை தலையைத் தூக்காமல் மென்றுகொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் ஒரு செம்புத் தண்ணீரை எடுத்துவந்து அடுப்பில் கொட்டினார். சமையலறை முழுக்கச் சாம்பல் பறந்தது.

பெரியவர் புகை அடங்கும்வரை பொறுமையாக இருந்து ஊசியை எடுத்துத் துடைத்துத் துணியில் சுற்றிக்கொண்டார். சாப்பிடாமலே கிளம்பினார். பேசியிருந்தது ஒன்றரை ரூபாய். முழுவதையும் நீட்டினேன். ஒரு ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு எட்டணாவை என் கையிலேயே விட்டார்.

"நடந்து வந்ததுக்கு இது. மிச்சம் வேலைக்கு உண்டான காசு, வேலை செய்யாம வாங்கமாட்டேன். வெச்சிரும்மா. இந்த மாதிரிக் கொழந்தைங்க மறுபடி வாயை மூடும். அப்ப வந்து வாங்கிக்கறேன்."

அதன்பிறகு அவள் தன் கையாலேயே சாப்பிட்டாள், கொஞ்சம் சதையும் வைத்தது. வெளியாட்கள் வந்தால் மட்டும் அவளை உள்ளறையில் உட்காரவைத்துத் தட்டைக் கொடுப்பேன். ஆனாலும் ஒருவேளை அவள் சோற்றை மீதி வைத்தால் போதும், சந்தாபுரா பக்கமிருந்து யாரோ நடந்து வருவதுபோலவே எனக்கு இருக்கும். அவருக்கு நாங்கள் தரவேண்டியது இன்னும் எட்டணா.