இடக்கைக்காரனை வைத்துக்கொண்டேன்

பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. பிரஷ்ஷை மாற்றினேன். பிறகு பற்பசையை மாற்றினேன். தொடையில் ஊதா நிறத்தில் கன்றிப்போயிருந்ததற்கு, லஸ் முனையில் பஸ் ஏறும்போது யாரோ இடித்திருப்பார்கள் என்று நானே ஒரு கதை கட்டினேன். காரணம் கண்டுபிடிப்பதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது.

மந்தைவெளி டாக்டர் சாதாரண இருமலுக்கே ஒரு மணி நேரம் காக்க வைப்பவர். என் ரத்தப் பரிசோதனை வந்த அன்று அவராகவே வீட்டுக்கு போன் செய்தார்.

அக்யூட் லுகேமியா (வேகமாகப் பரவும் ரத்தப் புற்றுநோய்). அடையாற்றுப் பாலத்தைத் தாண்டி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முதலில் ஒரு மாதம் கடுமையான மருந்து, பிறகு பல மாதம் ஊசி, அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் மாத்திரை என்றார் அங்கிருந்த டாக்டர். பிழைப்பேனா என்று கேட்டேன். "முதல் மாசத்தைத் தாண்டுங்க. அப்புறம் பேசலாம்" என்றார்.

இதே நோயோடு இதைப் படிப்பவர்களிடம் தைரியமாக இருங்கள் என்று சொல்லப்போவதில்லை. நான் தைரியமாக இல்லை. முடி கொட்டியதைப் பற்றியும் எழுதப்போவதில்லை. அதை எல்லோரும் எழுதிவிட்டார்கள்.

முதல் மாதத்தைத் தாண்டினேன். ரெமிஷன் (பரிசோதனையில் நோய் அணுக்கள் கண்ணில் படாத நிலை) என்றார்கள். வீட்டுக்கு வரலாம், ஆனால் வெள்ளணுக்கள் (கிருமியை எதிர்க்கும் அணுக்கள்) குறைவு, அதனால் கூட்டம் கூடாது, விருந்தாளி கூடாது, பச்சைக் காய்கூடக் கூடாது. நான் கணக்கு டீச்சர். நாள் முழுக்கக் கத்திப் பழகியவளுக்கு மயிலாப்பூர் வீட்டின் ஓர் அறைக்குள் நான்கு சுவரோடு பேச வேண்டியதாயிற்று.

அமெரிக்காவுக்கு வேலைக்குப் போய்வந்த என் தம்பி முரளி தன் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தான். அதில் ஒரு பேஸ்பால் விளையாட்டு இருந்தது. பந்தை நாம் அடிக்க வேண்டியதில்லை. அணியை நிர்வகிக்க வேண்டும். விளையாட்டின் கணக்கில் வருடத்துக்கு ஒருமுறை டிராஃப்ட் என்று ஒன்று வரும். ஊரிலுள்ள இளம் ஆட்டக்காரர்களை ஒவ்வோர் அணியும் முறைவைத்துப் பொறுக்கிக்கொள்ளும். பதினெட்டு வயதுக்காரன் கீழ் அணிகளில் ஐந்து வருடமாவது ஆடி முதிர வேண்டும். கல்லூரி முடித்தவன் சீக்கிரம் பெரிய அணிக்கு வந்துவிடுவான்.

எனக்கும் என் கணவர் ரகுவுக்கும் தெரிந்ததெல்லாம் கிரிக்கெட்தான். பந்து எறிகிறவனை பௌலர் என்றே சொன்னோம். நான் கல்லூரிப் பையன்களையே பொறுக்கினேன். ரகு ஒருமுறை மவுஸை வாங்கி, பதினெட்டு வயது இடக்கைக்காரன் ஒருவனை எடுத்தார்.

"இவன் ஆளாகறதுக்கு அஞ்சு வருஷம் ஆகும். அத பாத்துண்டு யார் இருக்கப்போறா?" என்று கேட்டேன்.

ரகு மவுஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பால் காய்ச்சப் போய்விட்டார்.

அந்த இடக்கைக்காரனின் மேல் எனக்கு ஆசை வந்துவிட்டது. என்னால் காத்திருக்க முடியவில்லை. விளையாட்டில் மாதங்களை வேகமாக ஓட்டி, அடுத்த சீசனிலேயே அவனைப் பெரிய அணிக்கு இழுத்தேன். நல்ல பௌலர் எல்லா மேட்ச்சிலும் போடுவான் என்பதுதானே நமக்குத் தெரிந்த நியாயம், தினமும் அவனையே போட வைத்தேன். அவன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கோடு வளர்ந்துகொண்டே போனது. ஆள் நல்ல சூட்டில் இருக்கிறான் என்று இருவரும் சந்தோஷப்பட்டோம். அது களைப்பைக் காட்டும் கோடு; பேஸ்பாலில் ஒருநாள் எறிந்தவனுக்கு நான்கு நாளாவது ஓய்வு வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. ஒருநாள் முழங்கைத் தசைநார் அறுந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அறுவை சிகிச்சை, ஒரு வருடத்துக்கு மேல் ஓய்வு, பழைய வேகம் திரும்புவது சந்தேகம்.

அதே வாரம் வடபழனியில் என் தோழியின் கல்யாணம். ரெமிஷன் என்று சொன்ன பிறகு எதற்கு இந்தச் சிறை என்று சண்டை போட்டுக்கொண்டு போனேன். தலையில் துணி கட்டிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். மூன்றாம் நாள் குளிர் தூக்கிப்போட்டது, மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

"நல்ல செய்தின்னுதான் சொன்னேன். ஊர் சுத்தலாம்னு நான் சொல்லலையே" என்றார் டாக்டர். அவர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. முகத்தில் பயம் தெரிந்தது.

செப்சிஸ் (கிருமி ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் பரவுவது). பாதி நாட்கள் எனக்கு நினைவில் இல்லை. நினைவு வந்தபோது வாய் முழுக்கப் புண், எச்சில் விழுங்க முடியவில்லை. இதிலிருந்து மீண்டால் மறுபடி அதே ஊசி, மறுபடி அதே வாந்தி. பிறகு வருடக்கணக்கில் மாத்திரை. நினைக்கவே மலைப்பாக இருந்தது.

"போதும். இத்தோட நிறுத்திடச் சொல்லுங்கோ" என்று ரகுவிடம் சொன்னேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன். செத்துப்போக வேண்டும் என்பதில்லை. இந்த உடம்பை இதற்கு மேல் சுமக்க முடியாது, அவ்வளவுதான்.

அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு சம்பந்தமே இல்லாமல் ஆரம்பித்தார்.

"ஆத்துல கம்ப்யூட்டர் அப்படியே கெடக்கு. அந்த லெஃப்ட் ஹேண்டர டீம்லேர்ந்து விட்டுடலாமான்னு கேட்டுண்டு நிக்கறது. சும்மா ஒரு எடத்த அடைச்சுண்டு இருக்கானாம். என்ன பண்ணட்டும்?"

"விடாதீங்கோ. அவன் மேல என்ன தப்பு? இருக்கட்டும்."

"வேகம் திரும்பாதுன்னு போட்டிருக்கே?"

"திரும்பாட்டா போறது. ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும்."

"அவனுக்கு அப்படிச் சொல்ற. நீ மட்டும் போதும்ங்கற" என்றார். இத்தனை மாதத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். எனக்கு அவர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. என்னை மடக்கிவிட்டார். மறுநாள் டாக்டரிடம் ஊசியைத் தொடரச் சொன்னேன்.

காய்ச்சல் இறங்க வெகுநாள் பிடித்தது. அதன் பிறகான மூன்று வருடங்களும் நோய் திரும்பிவிடும் என்ற பயத்திலேயே கழிந்தன. அந்த விளையாட்டில் ஒரே பொத்தானை அமுக்கினால் ஒரு மாதம் ஓடிவிடும். முன்பு அதைத்தான் அமுக்குவேன். பிறகு ஒவ்வொரு நாளாகவே நகர்த்தினேன். இடக்கைக்காரன் திரும்பி வந்தான். வேகம் வரவில்லை. ஒருநாள் போட்டால் நான்கு நாள் உட்கார வைத்தேன், சுமாராக ஆடினான். நானும் பள்ளிக்குத் திரும்பினேன். இரண்டு வகுப்பு எடுத்ததும் ஸ்டாஃப் ரூமில் போய்க் கண்ணை மூடிக்கொள்வேன். அதற்கு யாரிடமும் காரணம் சொல்வதில்லை.

மாத்திரைகள் முடிந்துவிட்டன. ஐந்து வருடம் போனால்தான் நிச்சயமாக எதையும் சொல்லலாம் என்கிறார் டாக்டர். இன்றைக்கும் காலையில் எழுந்ததும் தொடையைத்தான் பார்க்கிறேன், எங்காவது ஊதா தெரிகிறதா என்று.

போன வாரம் டிராஃப்ட் வந்தது. கல்லூரிக்காரர்களைத் தாண்டிக் கீழே போய், பதினெட்டு வயதுப் பையன் ஒருவனின் பெயரில் நிறுத்தினேன். ரகு பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.

"இவனுக்கு அஞ்சு வருஷம் ஆகுமே."

"ஆகட்டும்" என்றேன். சொல்லிவிட்டுத் தொடையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டேன். ஆனாலும் எடுத்த பெயரை மாற்றவில்லை.