ஒட்டுக்குக் கீழே வந்த கிளை

என் வீட்டு ரோஜாச் செடியில் ஒட்டுப்போட்ட இடத்துக்குக் கீழே ஒரு காட்டுக்கிளை நீண்டிருந்தது. பார்த்ததும் என் நைனாவின் ஞாபகம் வந்தது.

அப்போது அம்மா மேல்மலையனூர் கோயில் அமாவாசைக் கடையில் வாங்கிவந்த சிவப்பு ரோஜாவிலும் இப்படி ஒன்று கிளம்பியது.

"ஒட்டுக்குக் கீழருந்து வருது, ரோஜாவுக்குப் போற சத்தெல்லாம் உறிஞ்சிடும், பிச்சிடுங்க," என்றாள் அம்மா.

"உனக்கு இன்னா தெரியும்? எவ்ளோ தெம்பா வருது பாரு!" என்று நைனா அதற்குக் குச்சி நட்டுக் கயிறு கட்டினார்.

சிவப்பு ரோஜா பட்டுப்போனது. காட்டுக்கிளையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு வெள்ளைப் பூ பூத்தது. அந்த மகா மேதை, எங்கள் தெரு வழியாகச் செஞ்சிக் கோட்டை பார்க்க வந்தவர்களைக்கூடக் கூப்பிட்டு, "ஒரே செடி, கலர் மாத்திப் பூக்குது," என்று வெட்கமில்லாமல் பீற்றிக்கொண்டார். வைக்க ஒரு ரோஜாகூட இல்லாமல் அம்மாவின் தலை வெறுமையாகவே இருந்தது.

இப்போது என் செடியின் காட்டுக்கிளையைப் பிய்க்கக் குனிந்தேன். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் பதறினார்: "விடு, நல்லா தெம்பா வருதே!"

அடியோடு பிய்த்து அவர் கையில் கொடுத்தேன்.

"நீங்களே வச்சிக்கோங்க."