மூன்றாம் ஜாடி ஊலாங்

1. பாதியில் நிறுத்திய இலை

டவுணில் ரத வீதியை ஒட்டிய சந்தில் எங்கள் டீத்தூள் கடை. பக்கத்தில் அல்வாக் கடை. இரண்டுக்கும் ஒரே சுவர். எங்கள் தச்சநல்லூர் குடோனில் டீ டஸ்ட் சலித்துச் சலித்தே எனக்கு இளைப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்துத்தான் முதலாளி அண்ணாச்சி என்னைக் கடைக் கவுண்டருக்கு மாற்றினார். அவர் மகன் புதிதாக வரவழைத்த மூன்று ஜாடி ஊலாங்கும் என் தலையில் விழுந்தது.

ஊலாங் என்றால் என்ன என்று கேட்டால் இன்றும் கொஞ்சம் தடுமாறுவேன். கிரீன் டீக்கு இலையைச் சிவக்க விடமாட்டார்கள். நாம் குடிக்கிற டீக்கு முழுக்கச் சிவக்க விடுவார்கள். ஊலாங்கைப் பாதியில் நிறுத்திவிடுவார்கள். எந்தப் பாதி என்பதில்தான் குழப்பமே. முதல் ஜாடியில் பச்சை உருண்டைகள். வெந்நீர் பட்டால் முழு இலையாக விரியும், பூ வாசம் வரும். இரண்டாவது நன்றாகச் சிவக்கவிட்டு நெருப்பில் வாட்டியது, வறுகடலை வாசம். மூன்றாவதற்குப் பெயர் மில்க் ஊலாங். அதில் பால் கிடையாது.

"பாலே இல்லாம எப்படிக்கா பால் வாசம் அடிக்கும்?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள்.

"எனக்கும் அதே சந்தேகந்தாம்யா. மோந்து பாருங்க, அடிக்குதுலா?"

மோந்தவர்கள் வாங்காமல் போனதில்லை. மூன்றாம் ஜாடிதான் மளமளவென்று காலியாகும். நான் மட்டும் ஒரு வாய் குடித்துப் பார்த்ததில்லை. பாலும் சீனியும் இல்லாத டீ எனக்குக் கஷாயம்.

2. ஒன்றா, இரண்டா?

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பெரிய ஓட்டல். அதன் பர்சேஸ் மேனேஜர் கடைக்கு வந்து மூன்றாம் ஜாடியிலிருந்து சாம்பிள் வாங்கிப் போனார். பிடித்துவிட்டது என்றார். சீல் வைத்த புதுப் பை ஒன்றை அனுப்பினோம். மறுநாளே போன்.

"யம்மா, சாம்பிள்ல இருந்த வாசம் இதுல இல்லியே. வேற சரக்கை ஏத்தி விட்டுட்டியளா?"

ஒரே லாட்டில் வந்த அதே சரக்குதான் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். அவர் நம்பவில்லை. அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏ செல்வி, இந்த ஆர்டர் போச்சுன்னா மூணு ஜாடியையும் எடுத்துருவேன். நீ பழையபடி குடோனுக்குத்தான் போகணும், பாத்துக்கோ."

குடோன் என்றதுமே எனக்கு மூச்சு முட்டியது. இன்னொரு புதுப் பையைப் பிரித்து ஜாடியின் பக்கத்தில் வைத்து மாறி மாறி மோந்தேன். இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. பைத்தியம் எனக்கா மேனேஜருக்கா என்று விளங்கவில்லை. ஜாடியைத் தூக்கிக்கொண்டு டவுண் பஸ் ஏறி, ஆற்றுப் பாலம் தாண்டி ஓட்டலுக்குப் போனேன்.

3. பாலத்துக்கு அந்தப் பக்கம்

மேனேஜரின் ஏசி ரூமில் ஜாடியைத் திறந்தேன். குப்பென்று நெய். மூடிவிட்டு மறுபடி திறந்தேன். நெய்யேதான். சுடச்சுட அல்வா கிண்டுகிற வாசம்.

டீ இலை பக்கத்தில் இருக்கிற வாசத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். அதனால் எங்கள் கடையில் சோப்பு, ஊதுபத்தி எதையும் அண்டவிடமாட்டோம். அல்வா மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. அந்தச் சந்தில் இருக்கிற எங்களுக்கு அது வாசமே இல்லை, காற்று. மூன்றாம் ஜாடி அல்வாக் கடைச் சுவரில் சாய்ந்தே இருந்தது.

"இதாம்மா அது!" என்றார் மேனேஜர். "மாசாமாசம் இதே மாதிரி தருவியளா? சரின்னா இப்பவே ஆர்டர் போடுதேன்."

தரலாம். சுவரோடு சாத்தி வைத்தால் போதும். சரி என்று சொல்ல வாய் திறந்தேன், வேறொன்று வந்தது.

"சார், இது டீ வாசம் இல்ல. பக்கத்துக் கடை அல்வா."

அவர் இன்னொரு தடவை மோந்தார். பிறகு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "வெளிநாட்டு கெஸ்ட் குடிச்சிட்டு என் மானத்தை வாங்கிருப்பான். அப்ப எதும்மா நெசமான ஊலாங்?"

நாங்கள் அனுப்பியிருந்த புதுப் பை இலையை வெந்நீரில் போட்டோம். நானும் குடித்தேன். ஒன்றுமே இல்லை என்று நினைத்து விழுங்கினேன். விழுங்கிய பிறகு, தொண்டையில் பாலாடை வாசம். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

"ஆமா, பையப் பைய வருது," என்றார் அவர். "இதையே அனுப்பு."

குடோனுக்குப் போகாமல் தப்பித்தேன். இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுவேன்: சரக்கைக் கடைக்குள் நின்று மோந்து முடிவு சொல்லாதீர்கள். நான் இப்போதெல்லாம் ஒரு பிடியைப் பொட்டலம் கட்டி, ஆற்றுப் பாலம் தாண்டித்தான் பிரிக்கிறேன். பஸ்ஸில் ஒருமாதிரி பார்க்கிறார்கள், பார்க்கட்டும்.

ஜாடிகளை எதிர்ச் சுவருக்கு மாற்றி, இறுக்க மூடி போட்டோம். பழைய வாடிக்கைக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். "பழைய வாசம் எங்கக்கா? கலப்படம் பண்ணுதியளா?" அசலைக் கொடுத்தால் கலப்படம் என்கிறார்கள்.

அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். "செல்வி, ஒரு ஜாடியை மட்டும் பழைய எடத்துலயே வச்சிருவோமா?"

"வைங்க அண்ணாச்சி. ஆனா மேல அல்வான்னு எழுதிருங்க."